பாதி வாரம்

ஜூலை 7, திங்கள்
விடியக்காலையிலிருந்தே மழை. கார்கானாப் பட்டறையில ஆர்டர் இல்ல. தோல் பை தைக்கிற எங்க எல்லாரையும் முதலாளி காசிம் பாய் கூப்பிட்டு, வேலை வந்ததும் போன் பண்றேன், அதுவரைக்கும் வர வேண்டாம்னுட்டார். அதுவரைக்கும் சம்பளம்? யாரும் கேக்கல. நானும்தான். வருசா வருசம் மழைக்கு இப்படித்தான். மிஷினுக்கு உறை போட்டுட்டு வந்தேன்.

ஜூலை 9, புதன்
துணி ஒண்ணும் காயல. என் வீட்டுக்காரர் இவியளுக்கும் பேக்கிங் வேலை நின்னாச்சு. சொந்த ஊரு சங்கரன்கோவிலுக்கே போயிருவோம், தீபாவளி ஆர்டர் வந்தா திரும்பலாம்னு சொல்லுதாவ. மக கவிதா பத்தாவது. நடுவுல பள்ளிக்கூடத்தை விட்டா அந்தப் பிள்ளை என்ன ஆவும்? அவ புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கிட்டே இருந்தா.

ஜூலை 12, சனி
கொஞ்சம் வெயில். கடலைமாவு தீர்ந்துபோச்சு.
பக்கத்து மிஷின் மும்தாஜ் அக்கா வந்தா. சின்ன ஆர்டர் வந்திருக்காம், ஒரு ஆள் போதும்னு பாய் அவளை மட்டும் கூப்பிட்டிருக்கார். கேட்டதும் வயித்தெரிச்சல்தான். ஆனா அவ வந்தது வேற விஷயத்துக்கு.
"செல்வி, மணிக்கட்டு வலிக்கி. வாரம் பூரா என்னால முடியாது. வியாழன், வெள்ளி, சனி நீ வாரியா?"
எப்பலேர்ந்து வலின்னேன். காதுல வாங்காம கவிதாகிட்ட பரீட்சை பத்திப் பேச ஆரம்பிச்சுட்டா. பாய்கிட்ட ஏற்கெனவே சொல்லியாச்சாம்.
ராத்திரிச் சாப்பாட்டுல இவிய ஊர்ப் பேச்சை எடுக்கல. அப்பாடா.

ஜூலை 17, வியாழன்
என் மிஷின், என் ஸ்டூல். எண்ணெய் விட்டதும் நல்லா ஓடிச்சு.
மத்தியானம் டீ குடிக்கையில பாய் சொன்னார். மும்தாஜ் கைக்கு ஒண்ணுமே இல்லையாம். செல்விக்குப் பாதி வாரம் குடுத்தாதான் வருவேன், இல்லன்னா வேற ஆளைப் பாருங்கன்னு சொன்னாளாம். பாய் சத்தம் போட்டிருக்கார். அவ அசையல.
கண்ணு மங்கி, தையல் கோணிப்போச்சு. பிரிச்சுத் தைச்சேன்.
அந்தத் தைரியத்துல நானும் பாய்கிட்ட கேட்டுட்டேன். "அடுத்த மழைக்கு முன்கூட்டியே சொல்லுங்க பாய். இருக்கிற வேலையை எல்லாருக்கும் பங்கு போட்டுக் குடுங்க."
யோசிக்கேன்னார். முகம் சுளிக்கல. அதுவே பெரிசு.

ஜூலை 20, ஞாயிறு
மறுபடி மழை. மும்தாஜ் அக்கா வீட்டுக்குப் போனேன். அவ வீட்டுக்காரர் இருமிக்கிட்டுப் படுத்திருந்தார். அவளுக்கும் முழு வாரம் தேவைதான்.
பாய் எல்லாம் சொல்லிட்டாரு அக்கான்னேன். அவ மீன் கழுவிக்கிட்டிருந்தா, நிமிரவே இல்ல.
"ஏளா, நீ ஊருக்குப் போயிட்டா, அந்த மிஷின் சத்தத்துக்குள்ள நான் யார்கிட்ட பேசுவேன்?"
அரிவாமனையை இழுத்துப் போட்டு வெங்காயம் நறுக்க உக்காந்தேன்.