மஞ்சள் விரல்

ஜூன் 3, செவ்வாய்
நான் செய்த இரத்தச் சென்சார் பொய் சொல்கிறது. இதயம் தளர்ந்தால் இரத்தத்தில் ஏறும் புரதத்தை மட்டும் அது பிடிக்க வேண்டும். தாராவியில் எங்கள் சந்துப் பெண்கள் எல்லோருக்கும் ஏற்றிக் காட்டுகிறது. ஆண்களுக்கு இல்லை. சந்து முழுக்கப் பெண்களுக்கு இதய நோயா?

என் ஆராய்ச்சிக் கைடு மகாதேவன் சார்: "கம்பெனிலேர்ந்து வாங்கின சீரத்துல நன்னா வர்றதே. அதை வச்சு பேப்பரை முடி. உன் சந்து பிளட் எதுக்கு?"

என் சந்து பிளட். சரி.

ஜூன் 5
மாட்டேன். புட்டி சீரம் மாடிப்படி ஏறி மூச்சு வாங்காது.

ஜூன் 8, ஞாயிறு
முப்பிடாதி சித்தி ஆபீஸ்காரர்களுக்கு விற்கும் டப்பா சோறு கட்டிக்கொண்டே விரலை நீட்டினாள். ஸ்பிரிட்டில் துடைத்தேன். பஞ்சு மஞ்சளாகிவிட்டது.

இத்தனை நாள் பஞ்சைப் பார்க்காமலே எறிந்திருக்கிறேன். தோலில் ஊறிய மஞ்சள்தூள் ஸ்பிரிட்டில் கரைந்து இரத்தத்தோடு கலக்கிறது. சென்சார் அளப்பது மின்னோட்டத்தை; மஞ்சளும் அதைத் தரும்.

"அப்போ நெஞ்சுல ஒண்ணுமில்ல, கொழம்புலதான் கோளாறுன்னு சொல்லுத" என்றாள்.

ஜூன் 9
சார்: "சோப்புப் போட்டு அலம்பிண்டு வரச் சொல்லேன்."

நேற்றே கழுவிப் பார்த்தேன். போகவில்லை.

"சரி, சமைக்கிறவாளை விட்டுடு."

யாரை விடுவது? சமைக்காத பெண் எங்கள் சந்தில் யார்? விரல் மாறாது சார், கருவி மாறட்டும் என்றேன். பிடிவாதம் என்றார். ஆமாம்.

ஜூன் 27
ஒரே சோதனைப் பட்டையில் இரண்டு மின்முனைகள். ஒன்றில் புரதத்தைப் பிடிக்கும் பூச்சு. மற்றதில் இல்லை – அது மஞ்சளை மட்டும் பார்க்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழி.

ஜூன் 29, ஞாயிறு
புதுப் பட்டையில் எல்லோருக்கும் அளவு இறங்கிவிட்டது. சித்திக்கு இல்லை. திரும்பத் திரும்பக் குத்தினேன். இல்லை.

தண்ணீர்க் குடத்தோடு நின்று நின்று வருவாளே – ஏன் கவனிக்கவில்லை?

"ஏட்டி, மஞ்சள்னு நீதான சொன்ன? நாளைக்கு டப்பா போகணும். ஆஸ்பத்திரிக்கெல்லாம் வர முடியாது."

நான்தான் சொன்னேன். அன்று பொய் என்று சொன்ன கருவியை இன்று நம்பு என்கிறேன். என்ன யோக்கியதை எனக்கு? இருக்கட்டும்.

"ஒரு நாள் யாரும் பட்டினி கெடந்து சாவ மாட்டாவ. கெளம்பு சித்தி."

ஜூலை 2
சித்திக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். இதயம் வீங்கியிருக்கிறது. இப்போதைக்கு மாத்திரை போதுமாம்.

நான் சொன்னது சரி. அதற்குச் சந்தோஷப்பட முடியவில்லை.

ஜூலை 14
கட்டுரையில் சார் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'கைகளை நன்கு சுத்தம் செய்த பிறகு.' அடித்துவிட்டேன்.

சித்தியின் மாத்திரை அட்டையில் மஞ்சள் கைரேகைகள். இன்று காலையும் புதிதாக ஒன்று.