எஃப்-க்கு மாறும் இடம்

தை 18, புதன்

விடிந்ததிலிருந்து தூறல். மிளகாய் மூட்டை இரண்டு நனைந்தது. நேற்று தைப்பூசம்; பத்துமலையில் காவடி இறக்கி விரதம் முடித்தாயிற்று. தோள் வலி.

இனித் தடையில்லை. மார்கழியில் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது என்று வாயை மூடியிருந்தேன். பிறகு விரதம். வரும் ஞாயிறு ரெஜினாவிடம் கேட்டுவிட வேண்டும். கித்தார் சொல்லித் தருகிறவள். வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். பேசுகிறவர்கள் பேசட்டும், மளிகைக்கடையை எவன் தயவிலும் வைக்கவில்லை.

வாங்க: சாம்பிராணி, நல்லெண்ணெய், கித்தாருக்கு மூன்றாம் தந்தி.

மாலை கித்தார் பயிற்சி. ஸி, எஃப், ஜி, திரும்ப ஸி.

தை 22, ஞாயிறு

நல்ல வெயில். பிரிக்பீல்ட்ஸ், ரயில்வே குவார்ட்டர்ஸில் ரெஜினா வீடு. அவள் பின்னணிக்குக் கோர்டு பிடிக்க, அதன் மேல் ஸ்கேலில் மெட்டு வாசிப்பது நான். பழைய பிழைதான். பஜனையில் பழகிய காது, ஆதார சுரமான ச-வை விட்டு நகராது. அவள் எஃப்-க்குப் போனாலும் என் விரல் ஸி-யில் போய் இறங்குகிறது.

"முதலாளி, நான் வீடு மாறிப் போய்ட்டேன். நீங்க இன்னும் பழைய வாசல்லயே நிக்கிறீங்க."

"பழகின வாசலாச்சே."

"வாடகை யாரு கட்டுறது லா?"

சிரித்தாள். கேட்க வாயெடுத்தேன். அவள் அண்ணன் அருள் தேத்தண்ணியோடு வந்தார்.

"சந்தோஷ சமாச்சாரம் முதலாளி. தங்கச்சிக்கு ஈப்போ மாப்பிள்ளை. கிறிஸ்மஸுக்கு வந்து பாத்தாங்க, இப்பதான் முடிவாச்சு. சாம்பல் புதனுக்கு முந்தியே முடிச்சிடணும். தவக்காலம் வந்துட்டா கோயில்ல தாலி கட்ட விடமாட்டாங்க. அரிசி பருப்பெல்லாம் உங்க கடைதான்."

"நயமாப் போட்டுத் தரேன்" என்றேன்.

கிறிஸ்மஸ். மார்கழி.

தை 25, புதன்

கிள்ளான் மொத்தச் சந்தை. வெங்காயத்துக்குப் பேரம் பேசாமல் கேட்ட விலையைக் கொடுத்தேன். விற்றவர் பயந்துவிட்டார். "என்ன முதலாளி, உடம்பு முடியலையா?"

கித்தாரைத் தொடவில்லை.

தை 29, ஞாயிறு

கடைசிப் பாடம். அருள் கோயிலுக்குப் போயிருந்தார். கேட்டேவிட்டேன்.

"ஈப்போ வேணாம்னு சொல்லிடு, ரெஜினா."

தந்தி மேல் அவள் கை நின்றது.

"இத அப்பவே ஏன் கேக்கல?"

"மார்கழியில கேக்கக் கூடாதே."

"அவங்க வந்தப்ப, யோசிக்கணும்னு சொல்லி அனுப்பினேன். மறுநாள் சாயங்காலம் நீங்க வந்தீங்க. கேக்கைச் சாப்பிட்டீங்க. ரொம்ப நல்லாருக்குன்னீங்க. போய்ட்டீங்க."

கித்தாரைக் கீழே வைக்கப் போனேன்.

"கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சாச்சு, முதலாளி." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வாசிங்க."

ஸி-யில் தொடங்கினாள். எஃப்-இல் தவறினேன். இந்த முறை சிரிக்கவில்லை.

மாசி 1, திங்கள்

வெயில். மிளகாய் உலர்ந்துவிட்டது. அரிசி, பருப்பு, நெய் நேற்றே அனுப்பியாயிற்று. கல்யாணத்துக்குப் போகவில்லை. மாதா கோயில் மணி கடைவரை கேட்டது.

மாலை கித்தாரை எடுத்தேன். கோர்டு பிடிக்க ஆளில்லை. அவள் கை போகும் போக்கை மனசில் ஓட்டிக்கொண்டு தனியாக வாசித்தேன். ஸி. ஸி. எஃப் வருகிற இடத்தில் விரல் தானாக நகர்ந்தது. சரியான நேரத்தில்.

எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தேன்.

மறுபடி வாசித்தேன். மறுபடியும் சரி.