தூதுவருக்கு ஒரு கறி

அன்பின் டொலறஸ்,

மடு மாதா காவலில் சுகம்தானே? முழங்கால் வீக்கம் வற்றியதா?

நான் செக்கியூரிட்டி நிற்கும் மண்டபத்துக்கு நேற்று ஒரு தூதுவர் வந்தார். பார்த்தால், மொஸ்கோவில் என்னோடு ஒரே அறையில் இருந்து புவியியல் படித்த யோனாஸ்! ஊர் திரும்பிப் பேராசிரியரானவன், சோவியத் உடைந்ததும் எம்.பி., பிறகு மந்திரி, இப்போது தூதுவர். பரீட்சையில் என்னைவிடக் குறைந்த புள்ளி எடுத்தவன். பதவியைக்கூடப் பொறுப்பேன். படிக்கும்போது தனி நாடாக இல்லாத அவனுடைய குட்டி நாடு இன்று வரைபடத்தில் இருக்கிறதே, வயிறு எரிகிறது.

கட்டிப்பிடித்து, “ஈஸ்டருக்கு உன்ரை கறி சாப்பிட வாறன்” என்று ரஷ்ய மொழியில் சொன்னான். என் அறைக்குச் சாப்பிட ஒருவர் வருவது இதுதான் முதல் தடவை.

இங்கே செவன் கிங்ஸ் பக்கத்துத் தமிழ்க் கடைக் கறித்தூள் சரிவராது. நீ இடித்ததை இங்கே வரவிருக்கும் தம்பியிடம் கொடுத்துவிடு. செத்தல் மிளகாயை இரட்டிப்பாகப் போடு. தூதுவர் அழட்டும்.

ஷிப்டுக்கு நேரமாகிறது.

உன்
பஸ்தியாம்பிள்ளை