நான்கு மணி பன்னிரண்டு நிமிடம்

ஏப்ரல் 27, 2009, திங்கள்

நான் பார்த்துக்கொள்ளும் ஊர் அருங்காட்சியகத்தில் குளிர்காலத் தூசி ஒருவழியாகப் போனது. காட்சிக்கு வைத்த பழைய முள்கம்பித் துண்டுகள் நூற்றுப் பத்து, ஒவ்வொன்றாகத் துடைத்தேன். பாடம் செய்து வைத்த இரட்டைத் தலைக் கன்றுக்குட்டியின் காதில் மறுபடியும் பூச்சி. மே 9 சனிக்கிழமை கதவு திறக்கிறோம்.

விளக்கு மாட்டும் வேலையை மெர்லிடம் கொடுத்துவிட்டேன். ஓய்வு பெற்ற கணவன் நாள் முழுக்க வீட்டுக் குழாய்களை முறைத்துக்கொண்டிருப்பதைவிட இது நல்லது.

மே 5, செவ்வாய்

இந்த மனுஷனை என்ன செய்வது!

காலையில் உள்ளே நுழைந்தால் டிக் டிக் என்று சத்தம். சுழற்காற்றுக் கடிகாரம் ஓடுகிறது. '1936 மே 9, சுழற்காற்று அடித்த நொடியில் நின்றது' என்று அட்டை சொல்லும் கடிகாரம். 4:12 என்பது இந்தக் கவுன்டியில் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

"நின்னு கிடந்துச்சு. எண்ணெய் விட்டு, எங்கிட்ட இருந்த ஒரு சாவியைப் போட்டேன், ஓடுது. இதுல என்ன தப்பு?" என்கிறார் மெர்ல். அட்டையைப் படிக்கவில்லையா என்றால், மூக்குக் கண்ணாடி வண்டியில் இருந்ததாம்.

ஆர்டித் அக்காவுக்கு என்ன பதில் சொல்வேன்? அவர் வீட்டுக் கடிகாரம் அது. அன்று வீடே போயிற்று, மிஞ்சியது இது ஒன்றுதான். வருஷா வருஷம் மே 9 அன்று வருவார். கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி அதன் முன்னால் பத்து நிமிடம் நிற்பார். காப்பி குடிப்பார், போய்விடுவார்.

மே 6

நிறுத்தி, முள்ளை 4:12-க்குத் திருப்பி வைத்தேன். பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. அதுதான் இன்னும் மோசமாக இருக்கிறது.

மே 8

உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று ஆர்டித் அக்காவுக்குப் போன் செய்தேன். மழை, சோள விதைப்பு, அவர் முழங்கால், எல்லாம் பேசினோம். கடிகாரம் மட்டும் வரவில்லை. கோழை நான்.

மே 9, சனி

வந்தார். அதே நீலக் கோட்டு, அதே கைப்பை. கடிகாரத்தின் முன்னால் போய் நின்றதும் எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

கடிகாரத்தின் பக்கம் குனிந்து பார்த்தார். பிறகு, "ஓடுச்சா?" என்றார்.

"ஓடுச்சுக்கா. நான்தான் நிறுத்தி வெச்சேன்."

"ஏன் நிறுத்துன?"

பையைத் திறந்தார். கைக்குட்டைக்குள் ஒரு பித்தளைச் சாவி.

"காத்து அடிக்கறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே அது நின்னு போச்சு, லவான். அப்பா சரி பண்றேன் பண்றேன்னே இருந்தாரு."

காற்றில் தப்பிய கடிகாரம் என்று சொல்லித்தான் 1976-இல் இங்கே கொடுத்தாராம். அப்போதைய பொறுப்பாளர்கள் காற்றில் நின்ற கடிகாரம் ஆக்கிவிட்டார்கள். யாராவது ஓட வைப்பார்கள் என்று ஒவ்வொரு வருஷமும் சாவியோடு வந்திருக்கிறார். முப்பத்து மூன்று வருஷம்!

சொல்லியிருக்கலாமே என்றேன். "அட்டையை அவ்வளவு அழகா எழுதி வெச்சிருந்தாங்க. எப்படிச் சொல்றது?"

எப்படிச் சொல்வது, நியாயம்தான். கருகின கேக்கைக்கூட இன்னொரு துண்டு கேட்டு வாங்கித் தின்கிற ஊர் இது. நானே நேற்று மழையைப் பற்றித்தானே பேசினேன்.

மெர்ல் ஏணியிலிருந்து தயங்கித் தயங்கி இறங்கினார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இத்தனை வருஷமா எங்கேய்யா இருந்தே நீ?"

அழுகை வந்தது எனக்குத்தான். மெர்ல் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கண்காட்சியில் தன் பன்றிக்குப் பரிசு வாங்கியவர் மாதிரி.

மே 12

புது அட்டை எழுதினேன். 'சுழற்காற்றில் தப்பியது' என்று மட்டும்.

ஜூன் 15, திங்கள்

ஒன்பது மணிக்கே ஆர்டித் அக்கா வாசலில். தொடர்ந்து ஆறாவது திங்கட்கிழமை. தானே சாவி கொடுத்தார், பிறகு காப்பி, பிறகு மெர்லோடு ஒரு மணி நேரம் வம்பு. கடிகாரம் வாரத்துக்குப் பத்து நிமிடம் பின்தங்குகிறது. இதுவரை யாரும் அவரிடம் சொல்லவில்லை.