எண்ணெய் பூசிய டிவி கேம்

உன்னைக் கொன்றது உப்பளத்து முதலாளி. விதி இல்லை, உன் கவனக்குறைவு இல்லை, நீ பூசிய தேங்காய் எண்ணெயும் இல்லை. இன்று மதியம் உன் டிவி கேமின் அடிமூடியைக் கழற்றியபோது சிக்குப் பிடித்த பழைய எண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. நீயே பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

போன ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில் உன் அம்மா அதைத் துணிப்பையில் போட்டு எடுத்துவந்தார். "ஏம்பா, இத ஓட வெச்சிக் குடுக்கிறியா? அந்த டொய்ங் டொய்ங் சத்தத்த ஒரே ஒரு தடவ கேக்கணும்" என்றார். சுவிட்சைத் தள்ளினேன். சிவப்பு விளக்கு எரியவில்லை. குயிலாப்பாளையத்தில் ஒரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரன் திறந்துகூடப் பார்க்கவில்லை. "உப்புக் காத்துல கெடந்த செட்டு ப்ரோ. உள்ள எல்லாத்தையும் தின்னிருக்கும். ஷோகேஸ்ல வெச்சி அழகு பாருங்க."

நம் தெருவில் உப்புக் காற்றுக்கு ஒரே மருந்து எண்ணெய்தான். கேட் தாழ்ப்பாள், சைக்கிள் செயின், அரிவாள்மணை, உன் அம்மாவின் ஜெபமாலைச் சங்கிலி எல்லாவற்றுக்கும். நீ ஒரு படி மேலே போய், கேமின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த சுவிட்சுக்கும் அடாப்டர் செருகும் முனைக்கும் கோழி இறகால் தடவினாய்.

"டேய், அது என்ன தலையா, எண்ணெ தேய்க்க?" என்று கேட்டேன்.

"தல மொட்டையானா மொளைக்கும். இது துருப்பிடிச்சா மொளைக்குமா? மூடிக்கினு ஆடுடா."

உப்பளத்து வேலைக்குப் போன பிறகும் பையில் எண்ணெய் பாட்டிலோடுதான் போனாய். உன் அம்மாதான் நிரப்பிக் கொடுத்தார். அதைத்தான் முதலாளி பிடித்துக்கொண்டார். உப்புத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் போடும்போது ஷாக் அடித்து நீ விழுந்தாய். உன்னை வீட்டில் கிடத்தியிருந்தபோதே எல்லோர் முன்பும் சொன்னார்: "ஸ்டார்ட்டர் பெட்டியெல்லாம் எண்ணெயப் பூசி நோண்டியிருக்கான். அதான் கரண்டு பாஞ்சிருச்சி. நான் என்னங்க பண்றது?"

மோட்டார் வயர் வெடித்துக் கிடப்பதை நீ அவரிடம் பலமுறை சொன்னாய். "சீசன் முடியட்டும்" என்பதே அவர் பதில். இது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் உன் அம்மா அன்றைக்கு அவர் சொன்னதையே பிடித்துக்கொண்டார். "நான் குடுத்த எண்ணெதாம்பா" என்று என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார். அப்படியெல்லாம் இல்லம்மா என்பேன். வாய்ச்சொல் எடுபடவில்லை.

இன்று அடாப்டரை மீட்டரில் வைத்துப் பார்த்தேன், கரண்ட் வந்தது. உள்ளே வயர் எதுவும் அறுந்திருக்கவில்லை. அடாப்டர் செருகும் முனையிலும் சுவிட்சிலும் மட்டும் மஞ்சளாக ஒரு பிசின். உன் எண்ணெய்தான், தூசியோடு சேர்ந்து கெட்டியாகியிருந்தது. கரண்ட் பாய வழி இருந்தால் மீட்டர் கத்தும். பிசின்மேல் அதன் முனைகளை வைத்தேன். சத்தம் வரவில்லை. பிளேடால் சுரண்டிவிட்டு வைத்தேன். பீப்.

மறுபடியும் வேறு இடத்தில் வைத்துப் பார்த்தேன். அங்கேயும் அப்படித்தான். ஒருவேளை எண்ணெய்தானோ என்ற பயம் எனக்குள்ளும் இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

பாதிப் பிசினை அப்படியே விட்டு, உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிசின்மேல் சத்தமில்லை, சுரண்டிய இடத்தில் பீப். மீட்டரை என் கையிலிருந்து வாங்கி அவரே வைத்துப் பார்த்தார்.

"அப்ப எண்ணெ கரண்ட விடாதா?"

"விடாதும்மா. தடுக்கத்தான் செய்யும். இந்தப் பெட்டி ஓடாததே அதனாலதான்."

"நெஜமா சொல்றியா? எனக்காகச் சொல்லலியே?"

"நீங்களே வெச்சிப் பாத்தீங்க இல்ல?"

அவர் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். நான் மீதியை ஸ்பிரிட்டால் துடைத்தேன். அடியில் உலோகம் புதுசாகப் பளபளத்தது, ஒரு பொட்டுத் துரு இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தது, டிவியில் டொய்ங் டொய்ங் கிளம்பியது. உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். அப்புறம், "போதும், நிறுத்துடா அத, காது வலிக்குது" என்று அந்தக் காலம் மாதிரியே கத்தினார். கத்திவிட்டுச் சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

இது எந்தக் கோர்ட்டிலும் சாட்சி ஆகாது. எனக்குத் தெரியும். ஆனால் இத்தனை நாள் அந்த ஆளைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிப் போய்விடுவேன். இன்று சாயங்காலம் நானே அவரைத் தேடி உப்பளத்துக்குப் போனேன். விரலிடுக்கில் உன் எண்ணெய் வாடை இருந்தது.

உன்னை அடக்கம் செய்த வாரமே மாட்டிய புது வயரும் புதுப் பெட்டியும் மோட்டார் கொட்டகையில் மினுங்கின. முதலாளி காரில் ஏறப்போனார். மறித்து நின்றேன்.

"புது வயர் போட்டிருக்கீங்க. நல்லது. கழட்டின அந்த வெடிச்ச வயர எடுத்துக்கினு வந்து அவனோட அம்மாகிட்ட காட்டுங்க."

அவர் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.