இருமுறை சேவித்தல்

ஸ்ரீ:
வடக்குச் சித்திரை வீதி,
ஸ்ரீரங்கம்.
2-6-1961

பால்ய சிநேகிதர் சௌரிராஜனுக்கு அழகியமணவாளன் அன்புடன் எழுதுவது.

அரங்கன் திருவருளால் இங்கு யாவரும் க்ஷேமம். கொள்ளிடத்தில் மணல்தான் ஓடுகிறது. நீர் இப்பக்கம் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

என் மகள் செங்கமலவல்லி பி.ஏ. தேறிவிட்டாள். பத்திரிகைத் தொழிலைப் படிக்க வேண்டும் என்கிறாள். சென்னையில் ஒரு கல்லூரி, நாகபுரியில் ஒரு கல்லூரி. இரண்டிலிருந்தும் விண்ணப்பத்தாள் வந்திருக்கிறது. நீர் பத்திரிகை ஆசிரியராக இருந்து, இப்போது அந்தச் சென்னைக் கல்லூரியிலேயே போதிப்பவர். அச்செழுத்தோடு எனக்குள்ள பரிச்சயம் ஒரே ஒரு நாள். அன்று எழுதியவரும் நீரே. ஆகையால் உம்மையே கேட்கிறேன். எது உசிதம்?

அடியேன்,
அழகியமணவாளன்

மயிலாப்பூர்,
9-6-1961

என் அன்பு மணவாளருக்கு,

உம் கையெழுத்தைக் கண்டதும் கண் கலங்கிற்று. குழந்தையை நாகபுரிக்கே அனுப்பும். அங்கே கல்லூரிக்குள்ளேயே அச்சுக்கூடம் இருக்கிறது. பெண்களுக்கு விடுதியும் உண்டு. எங்கள் வகுப்பில் முப்பது ஆண்பிள்ளைகள். அவளுக்குத் துணையாக ஒரு பெண்கூட இல்லை. நாகபுரிக்குச் சிபாரிசுக் கடிதம் இன்றே எழுதிவிட்டேன்.

அந்தப் பழைய துணுக்கை இன்னுமா மனத்தில் வைத்திருக்கிறீர்? பக்கத்தில் இடம் நிரப்ப எழுதிய நாலு வரி. சிரித்துவிட்டுப் போகக் கூடாதா? குழந்தைக்கு அது தெரிய வேண்டாம்.

உம்,
சௌரி

ஸ்ரீ:
ஸ்ரீரங்கம்,
20-6-1961

சௌரிராஜனுக்கு,

நாகபுரியே சிறந்தது என்று நீர் எழுதியது மெய்யாகவே இருக்கலாம். நாங்கள் சென்னையைத் தேர்ந்தோம், இடமும் கிடைத்துவிட்டது.

கோயிலில் பிரபந்தம் ஓதும் கோஷ்டியில் முதல் பாசுரத்தை இருமுறை சேவிப்பது மரபு. பதினைந்து வயதுவரை என் தோளோடு தோள் நின்று நீரும் அப்படியே சேவித்தீர். அறிந்திருந்தும், "மறதியால் பாடியதையே பாடிய தமிழ்ப் பண்டிதர்" என்று என் பெயரோடு அச்சிட்டீர். நான் வேலை பார்த்த திருச்சிப் பள்ளியின் நிர்வாகிக்கு மரபு தெரியாது, படிக்கத் தெரியும். ஞாபகம் கெட்டவருக்கு வகுப்பு எதற்கு என்று கேட்டு என்னை அனுப்பிவிட்டார். மறுப்பு வெளியிடக் கோரி உமக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். இம்முறை பதில் வந்தது, மகளைப் பற்றி என்பதால்.

தூணுக்குள் இருந்தவன் அந்திவேளைக்காகக் காத்திருந்தான். காத்திருப்பது அவனுக்கு இழுக்காகவில்லை, எனக்கும் ஆகாது.

உமது துணுக்கையும், கூடவே உமது கடிதத்தையும் அவளிடம் கொடுத்தேன். அழுவாள் என்றெண்ணினேன். இரண்டையும் மடித்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

"நாகபுரியில அச்சுக்கூடம் இருக்கலாம்ப்பா. சௌரி மாமா அங்க இல்லையே" என்றாள்.

ஜூலை மூன்றாம் தேதி உம் வகுப்பின் முதல் வரிசையில் இருப்பாள். பிழையான செய்தி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, மாணவர் முன் நீரே உரக்க வாசித்துப் பிழையை விளக்குவது உமது முதல்நாள் வழக்கமாமே. அவள் கொண்டுவருவாள். முப்பது பிள்ளைகளும் கேட்க, எழுந்து நின்று வாசியும்.

முதல் பாசுரம்போல, இருமுறை.

இங்ஙனம்,
அழகியமணவாளன்