விழுந்துகொண்டே சுற்றும் வெளிச்சம்

பிசிக்ஸ்,

நம் பள்ளி ஆய்வகத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். இன்று மதியம் ஆயா அஞ்சலை ஒரு ரப்பர் கார்க்கைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். அதில் கட்டிய நைலான் கயிறு, பால்பாயிண்ட் பேனாவின் வெற்றுக் குழாய்க்குள் நுழைந்து வெளிவந்து, மறுமுனையில் இரும்பு வாஷர்களோடு முடிந்திருந்தது. "இது இன்னான்னே தெரில மிஸ். குப்பைல போட்டுடவா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன். அவள் போனபிறகு விரல்களை முகர்ந்து பார்த்தேன். ரப்பர் வாசனை. உன் கையில் எப்போதும் இருந்த வாசனை.

குழாயைப் பிடித்துத் தலைக்கு மேல் சுழற்றுவாய். கார்க் விர்ரென்று வட்டமடிக்கும். மறுகையால் கயிற்றைக் கீழே இழுப்பாய். வட்டம் சுருங்கும், கார்க்கின் வேகம் கூடும், சத்தமும் கூடும். "பக்கத்துல வந்தா வேகமா ஓடணும். தூரத்துல இருந்தா ஆற அமர நடக்கலாம். புதனுக்கும் சனிக்கும் அதான் வித்தியாசம்" என்பாய். ஆசிரியர் அறையில் யாருமில்லாத நேரம் பார்த்து நானும் சுற்றிப் பார்த்தேன். கார்க் பீரோவில் மோதி நின்றுவிட்டது.

நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே நான் உனக்குத் தமிழ், நீ எனக்கு பிசிக்ஸ். இருவரும் ஒரே ஜூன் மாதத்தில் சேர்ந்தோம். நீ சேலையூரிலிருந்து நடந்து வருவாய். நான் கூடுவாஞ்சேரியிலிருந்து லோக்கல் ரயிலில் வருவேன். எங்கள் வயல்களெல்லாம் மனைகளாகி, கல் நட்டு, கொடி கட்டியிருந்த காலம் அது. வீட்டில் பேச்சு முழுக்க சதுர அடியாக இருந்தது. வானத்தைப் பற்றி என்னிடம் பேசிய முதல் ஆள் நீதான்.

திருநீர்மலைக்கு என்னோடு வந்தது நினைவிருக்கிறது. மலைமேல் நான் பெருமாளைச் சேவித்துவிட்டு வரும்வரை நீ வெளியே படியில் உட்கார்ந்திருந்தாய். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் நீ. நான் நீட்டிய துளசியை வாங்கி மரியாதையாகக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாய். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் ஒன்று நம்மைத் தாண்டித் தாழ்ந்து போயிற்று. சாட்டிலைட்டும் இப்படித்தானே பறக்கிறது என்று நான் சொல்லிவைத்தேன். உனக்கு அது போதுமாக இருந்தது.

"பிளேனைக் காத்து தாங்குது தமிழ். சாட்டிலைட்டைத் தாங்க அங்க ஒண்ணும் கிடையாது" என்றாய். பிறகு கேட்டாய். "இங்கேருந்து ஒரு கல்லை எறிஞ்சா எங்க விழும்?"

"அடிவாரத்துல."

"இன்னும் வேகமா எறிஞ்சா?"

"பம்மல்ல."

"இன்னும் வேகமா?"

கடலில் விழும் என்றேன். நீ சிரித்தாய்.

"காத்து குறுக்க வராத உயரத்துக்குப் போய், அதைவிட வேகமா எறியறோம்னு வெச்சுக்கோ. கல்லு விழ விழ, கீழ பூமியும் வளைஞ்சு வளைஞ்சு விலகிடும். விழும், ஆனா தரை வந்து சேராது. சுத்தி வந்துடும்."

அவ்வளவு உயரத்தில் ஈர்ப்பு இருக்காதே என்று என் சந்தேகத்தைச் சொன்னேன். விண்வெளி நிலையம் இருக்கும் உயரத்தில் ஈர்ப்பு இங்கே இருப்பதைவிடக் கொஞ்சம்தான் குறைவு என்றாய். ஈர்ப்பு இல்லாவிட்டால் அது நேர்க்கோட்டில் எங்கேயோ ஓடிப்போயிருக்கும், வேகம் இல்லாவிட்டால் நம் தலையில் வந்து விழுந்திருக்கும், இரண்டும் சேர்ந்ததால்தான் சுற்றுகிறது என்றாய். அது பறப்பதாக நினைத்திருந்த எனக்கு, அது விழுந்துகொண்டே இருக்கிறது என்பதை ஏற்க ஒரு மாதம் ஆயிற்று. இறங்கும்போது நூறு தடவை கேட்டிருப்பேன். நூறு தடவையும் சலிக்காமல் சொன்னாய்.

அதற்கப்புறம்தான் உன் வீட்டு மொட்டைமாடி. விண்வெளி நிலையம் நம் ஊர் மேல் எப்போது கடக்கும் என்று உன் போன் சொல்லும். பள்ளி விட்டதும் உன் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு மேலே போவோம். சூரியன் இறங்கியபின், வானம் முழுசாக இருட்டுவதற்குள், தென்மேற்கிலிருந்து ஒரு வெளிச்சம் கிளம்பும். கண் சிமிட்டாது, சத்தம் போடாது. ஐந்தாறு நிமிடத்தில் வானத்தைக் கடந்து, கிழக்கே பூமியின் நிழலுக்குள் மங்கிப்போகும். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்குமான தூரத்தை அது நாலு நொடியில் கடந்துவிடும் என்று நீ சொன்ன அன்று, நான் ரயிலில் ஒவ்வொரு ஸ்டேஷனாக எண்ணிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

உனக்கு இளம் வயதிலேயே சர்க்கரை. அதைப் பற்றிப் பேசினால் பேச்சை மாற்றுவாய். கண்ணுக்கு லேசர் சிகிச்சை செய்துகொண்டதைக்கூட ஊருக்குப் போய்வந்ததாகத்தான் பள்ளியில் சொல்லியிருந்தாய். கரும்பலகையில் உன் எழுத்து பெரிதாகிக்கொண்டே வந்தது. விடைத்தாளை மூக்கருகே பிடித்துத் திருத்தினாய். எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும்.

ஒரு மார்ச் மாத மாலை. நிலையம் நன்றாக மேலே ஏறிவிட்டது. அவ்வளவு பிரகாசமாக நான் அதைப் பார்த்ததில்லை. நீ இன்னும் தென்மேற்கு அடிவானத்தையே பார்த்துக்கொண்டு, "இன்னும் காணோமே, டைம் ஆச்சே" என்றாய்.

நான் உன் முகவாயைப் பிடித்து மெதுவாகத் திருப்பினேன். நான் திருப்பிய பக்கமே நீ பார்த்தபடி இருந்தாய். கண் அகலத் திறந்திருந்தது. கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது. நீ என் கையை விலக்கவில்லை.

"சொல்லு" என்றாய்.

"என்னத்த?"

"எங்க இருக்குன்னு சொல்லு தமிழ். போயிடப் போவுது."

வைரத்தைத் தூக்கிப்போட்டது மாதிரி இருக்கிறது என்றேன். அழுகையை அடக்கிக்கொண்டு, எனக்குத் தெரிந்த விதத்தில்தான் சொன்னேன். நீ எரிந்து விழுந்தாய். "உவமையெல்லாம் கிளாஸ்ல வெச்சுக்கோ. எந்தத் திசை, எவ்வளவு உயரம், ஏறுதா இறங்குதா, அதைச் சொல்லு." கையை நீட்டி முஷ்டியை மடக்கச் சொன்னாய். அடிவானத்திலிருந்து மேலே ஒரு முஷ்டி பத்து டிகிரி. கிழக்கே, நாலு முஷ்டி, இறங்குகிறது, மூன்று, மங்குகிறது, போய்விட்டது. அப்படித்தான் நான் சொல்லக் கற்றுக்கொண்டேன். நீ கழுத்தை அதே வேகத்தில் திருப்பிக்கொண்டே வந்து, அது மறைந்த இடத்தில் சரியாக நின்றாய். பிறகு என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாய். அன்றைக்குப் பிறகு நீ என் முன்னால் அழுது நான் பார்க்கவில்லை.

பள்ளியில் மறைக்க முடியாமல் போயிற்று. தாளாளர் உன்னைக் கூப்பிட்டார். அவர் கெட்டவரல்ல. பெற்றோர்கள் கேட்கிறார்கள், பத்தாம் வகுப்பு ரிசல்ட் இருக்கிறது, நூலகத்தில் ஏதாவது வேலை பார்த்துக்கொள்ளலாமே என்று தணிந்த குரலில்தான் சொன்னாராம். நான் ஒரு பாடம் எடுப்பதை நீங்கள் நேரில் பார்க்கவேண்டும், பார்த்துவிட்டு என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாய்.

அந்த வெள்ளிக்கிழமையை நான் மறக்கவில்லை. எனக்கு அப்போது ஓய்வு நேரம். மைதானத்தின் ஓரத்தில் தாளாளருக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டுப் பின்னால் நின்றேன். நீ நடுவில் நின்றாய். நீதான் சூரியன். உன்னைச் சுற்றிப் பிள்ளைகள் வட்ட வட்டமாக நடந்தார்கள். உள்வட்டத்தில் புதன் ஓட்டமும் நடையுமாக மூச்சிரைத்தான். பூமி விறுவிறுவென்று நடந்தாள். வியாழன் சாவகாசமாக வந்தான். வெளிவட்டத்தில் நிவேதா என்ற பெண் சனியாக, ஒவ்வோர் அடியாக வைத்தாள். நீ கைதட்டும்போதெல்லாம் அவரவர் கிரகத்தின் பெயரைச் சொல்லவேண்டும். குரல் வரும் திசையை வைத்து, புதன் ஒரு சுற்று முடித்துவிட்டான், பூமி இன்னும் கால்வாசியில் இருக்கிறாள் என்று நீ சொல்லிக்கொண்டே வந்தாய். சூரியனுக்குப் பக்கத்தில் இழுப்பு அதிகம், அதனால் புதன் இந்த வேகத்தில் ஓடினால்தான் விழாமல் சுற்ற முடியும், சனிக்கு இழுப்பு குறைவு, இந்த நடை போதும் என்று சொன்னாய்.

வெயிலில் நிவேதாவுக்குச் சலிப்புத் தட்டியிருக்க வேண்டும். வேப்பமரத்து நிழலில் நின்றுவிட்டாள். நீ கைதட்டினாய், அவள் "சனி" என்றாள். மறுபடி தட்டினாய், அதே இடத்திலிருந்து "சனி" வந்தது.

நீ அந்தப் பக்கம் திரும்பினாய். "சனி மரத்தடியில நின்னுட்டா. கிரகம் நின்னா என்ன ஆகும்?"

பிள்ளைகள் யோசித்தார்கள். பூமியாக இருந்த பெண்தான், "சூரியனுக்குள்ள விழுந்துடும் மிஸ்" என்றாள்.

"அப்ப வா" என்று நீ இரண்டு கைகளையும் விரித்தாய். நிவேதா வெட்கத்தோடு நடக்க ஆரம்பித்து, பாதி வழியில் ஓடி, உன்மேல் வந்து விழுந்தாள். இருவரும் தடுமாறி மண்ணில் உட்கார்ந்துவிட்டீர்கள். மைதானம் முழுக்கச் சிரிப்பு. தாளாளரும் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பாடம் நீ எடுக்கலாம், செய்முறை வகுப்பை மட்டும் வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று அன்றே சொல்லிவிட்டார். கரும்பலகையில் எழுத என் ஓய்வு நேரங்களில் நான் வருவதாகச் சொன்னேன். எல்லோரும் உன்னைப் பாராட்டினார்கள். நீ சிரித்த முகத்தோடு நன்றி சொன்னாய். ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்தாய். "பயந்துட்டேன் தமிழ்" என்றாய். சேலையூர் வரைக்கும் கையை விடவில்லை.

அப்புறம் நான்கு வருடம் பாடம் எடுத்தாய். நான் உன் சமன்பாடுகளை எழுதினேன். புரியாமலே எழுதத் தொடங்கி, கடைசியில் நீ சொல்வதற்கு முன்பே அடுத்த வரியை எழுதுகிறவளாகிவிட்டேன். சுற்றும் பொருளின் நிறை அந்தச் சமன்பாட்டில் அடிபட்டுப்போகும் இடம் உனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரே பாதையில் சுற்றுகிற வரை, கழன்றுபோன ஒரு சின்ன நட்டுக்கும் நிலையத்துக்கும் ஒரே வேகம்தான், கனமானவை என்று யாருக்கும் சலுகை கிடையாது என்று சொல்லி, மேசையைத் தட்டுவாய்.

சிறுநீரகம் பழுதானதும் வேலையை நீயே விட்டாய். குரோம்பேட்டையில் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், ஐந்து வருடம். உன் கணவர் சாமுவேல் அண்ணா அலுவலகத்துக்குப் போகும் நாட்களில் நான் வந்து உட்கார்ந்திருப்பேன். ஒருநாள், அவ்வளவு உயரத்திலும் கொஞ்சம் காற்று இருக்கிறது, அது உரசி உரசி நிலையம் மெல்லக் கீழே வந்துகொண்டே இருக்கும், அவ்வப்போது எஞ்சினை இயக்கி மேலே தள்ளிவிடுவார்கள் என்று சொன்னாய். பிறகு உன் கையில் போகும் குழாயைத் தடவியபடி, "என்னை வாரத்துக்கு மூணு தடவை தள்ளுறாங்க" என்று சிரித்தாய். என்னால் சிரிக்க முடியவில்லை. உனக்கு அது தெரிந்திருக்கும். என் கையைத் தேடிப் பிடித்து, "சாப்டியா?" என்று கேட்டாய்.

கடைசித் தடவை உன்னால் மாடி ஏற முடியவில்லை. கேட்டுக்கு வெளியே தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாய். தெருவிளக்கு வெளிச்சத்தையும் மீறி அது வந்தது. நான் சொல்லிக்கொண்டே வந்தேன். கிழக்கே அடுக்குமாடிக் கட்டடம் மறைத்துவிட்டது. மறைத்துவிட்டதே என்றேன். "அதுக்கென்ன, வேகம் தெரியும்ல" என்று, நீயே கழுத்தை மெல்லத் திருப்பி, கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப நிழலுக்குள்ள போயிருக்கும்" என்றாய். சாமுவேல் அண்ணா சால்வையைக் கொண்டுவந்து போர்த்தினார்.

அதற்கடுத்த வாரம் ஒரு காலை நீ எழுந்திருக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் பழைய மாணவர்கள் அவ்வளவு பேர் நின்றிருந்தார்கள். நிவேதா கைக்குழந்தையோடு வந்திருந்தாள். நான் யாரோடும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சில வாரங்கள் கழித்து நிலையம் எங்கள் ஊர் மேல் வரும் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, கூடுவாஞ்சேரி வீட்டு மாடியில் தனியாக நின்றேன். உன்னை நினைத்துக்கொண்டு மௌனமாகப் பார்க்கவேண்டும் என்றிருந்தேன். வந்தது. கடந்தது. மறைந்தது. கீழே இறங்கியபோது, அது எவ்வளவு உயரத்தில் போயிற்று, எங்கே மங்கியது என்று எனக்கு நினைவில்லை. கண்ணுக்கு நேரே போனதை நான் பார்க்கவே இல்லை. நீ இல்லாதது அன்றுதான் எனக்கு முழுசாக உறைத்தது. மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த முறை வாயைத் திறந்து சொன்னேன். தென்மேற்கு. ஒரு முஷ்டி. ஏறுகிறது. இரண்டு. பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண் நான் யாரிடம் பேசுகிறேன் என்று எட்டிப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை. கிழக்கே மங்கி மறையும்வரை சொன்னேன். சொன்னபோதுதான் அது என் கண்ணுக்குத் தெரிந்தது.